தேவகி கையை எடுத்துவிட்டார்

மெயின்டனன்ஸுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு, கூடவே "கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கட்டும் சார்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். டெக்னிக்கல் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததைப் போனில் தேடிக்கொள்வீர்கள். கும்மிடிப்பூண்டியில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிய ஒரு ஆள், ரிடையராக ஐந்து மாதம் இருக்கும்போது செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப்போகிறேன். உருப்படியாகச் செய்த வேலைகளும் இருக்கின்றன. அவற்றை என் மனைவி தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், உங்களுக்கு வேண்டாம்.

எங்கள் தொழிற்சாலையில் பெரிய பம்புகளுக்கான வார்ப்புகள் செய்வோம். வார்த்துக் கடைந்து முடித்ததும் ஒவ்வொன்றும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும். அங்கே ஒரு மெஷின். அதில் கை நீளத்துக்கு ஒரு தண்டு, தண்டின் நுனியில் கேமரா. தண்டு வார்ப்பின் வயிற்றுக்குள் இறங்கி மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகரும். ஆப்பரேட்டர் திரையைப் பார்த்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். தண்டை ஓட்டுவதற்கு மெஷினோடு ஒரு யூ.எஸ்.பி கன்ட்ரோல் பேட் வந்திருந்தது. பிள்ளைகள் வீடியோ கேம் விளையாடுவார்களே, அச்சு அசல் அதேதான். இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் ஓட்ட வேண்டும்.

அந்த மெஷினில் ஏழு வருஷமாக உட்கார்ந்திருந்தவர் தேவகி. பழவேற்காட்டுப் பக்கம் வீடு. கணவருக்குச் சொந்தப் படகு. ஆனால் கடலும் ஏரியும் கைவிடும் மாதங்களில் தேவகியின் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலில் வேலைக்கு வருவார். நாம் பத்து நிமிடம் பார்த்தும் ஒன்றுமில்லை என்று சொல்கிற இடத்தில், "அதோ, மயிரிழை மாதிரி ஓடுது பாருங்க" என்பார். பெரிதாக்கிப் பார்த்தால் விரிசல் இருக்கும்.

நெடுஞ்சாலையில் ஒரு விபத்து. கணவரோடு வண்டியில் போனவர் கீழே விழுந்து, வலது கையில் நரம்புகள் அறுந்துவிட்டன. நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்கவில்லை, அவற்றில் உணர்ச்சியும் இல்லை. பேடைப் பிடிக்க முடியவில்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் இருக்கிற நாற்காலியை நிரப்ப வேண்டியவர். "பேக்கிங்ல போட்டுடலாம்" என்றார். பேக்கிங் முழுக்க அந்த வருஷம் காண்ட்ராக்ட்டுக்குப் போகப்போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே போனால் சில மாதத்தில் வேலையே போய்விடும்.

அப்போதுதான் நான் வாயைக் கொடுத்தேன். "அவங்க கைக்கு ஏத்த மாதிரி ஒரு பேட் செஞ்சு தரேன் சார்" என்றேன். மேனேஜர் இரண்டு வாரம் கொடுத்தார். அதற்குள் சரிப்பட்டு வந்தால் தேவகி அங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் பேக்கிங்.

சிக்கல் எங்கே என்றால், மெஷினின் கம்ப்யூட்டர் அதோடு வந்த பேடைத் தவிர வேறு எதைச் செருகினாலும் ஏற்றுக்கொள்ளாது. மெஷினைச் செய்தவர்களோ கடையைக் கட்டிவிட்டார்கள். அதனால் பிஸ்கட் அளவில் இருக்கும் ஒரு சின்ன போர்டு கம்ப்யூட்டரை வாங்கி, அதில் புரோகிராம் எழுதினேன். ஒயரைச் செருகியதும் அது மெஷினிடம் "நான்தான் உன் பழைய பேட்" என்று சொல்லும். மெஷின் நம்பிவிடும். சுத்தமான ஆள்மாறாட்டம். சாய்வாக ஒரு தகரப் பெட்டி அடித்து, அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்கு நாலு திசைக்கு நாலு பட்டன், ஓரத்தில் படம் எடுக்க ஒரு பட்டன் வைத்தேன். தேவகி வந்து கையை வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கிட்ட வையுங்க சார், மணிக்கட்டு தூக்க வேண்டிக்கீது" என்று இரண்டு முறை மாற்ற வைத்தார். ஒவ்வொரு பட்டனையும் நூறு முறை அழுத்திப் பார்த்தேன். என் ஆள்காட்டி விரலால் அழுத்தினேன். அந்த விரலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. பழைய பேடில் இருந்ததைவிட வேகமாகவே வேலை நடந்தது. சும்மா இருந்த இடது கையால் வார்ப்பைத் திருப்பிக்கொண்டே வலது கையால் கேமராவை ஓட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேன்டீனில் யார் கிடைத்தாலும் பிடித்து உட்கார வைத்து அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்வேன். டீயை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனவர்களும் உண்டு.

ஒன்பதாம் நாள் காலை மேனேஜர், வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து வந்த இரண்டு பேரை அழைத்துக்கொண்டு இன்ஸ்பெக்‌ஷன் பக்கம் வந்தார். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இறங்கிக்கொண்டிருந்த கேமரா நிற்கவில்லை. நேராகப் போய் வார்ப்பின் உட்சுவரில் மோதியது. தேவகி இடது முழங்கையால் சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அடித்து மெஷினை நிறுத்தினார். லென்ஸ் உடைந்து உள்ளே கொட்டியது.

நான் ஓடி வந்தேன். ஓடி வந்து செய்த முதல் காரியம், போர்டின் ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகியது. நம் எல்லோருக்கும் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. எது மக்கர் செய்தாலும் பிடுங்கு, செருகு. செருகியதும் எல்லாம் சரியாகிவிட்டது. ஒவ்வொரு பட்டனாக அழுத்தினேன், சொன்னபடி கேட்டது. என்ன நடந்தது என்று காட்டியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை நானே துடைத்து எடுத்துவிட்டேன் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

"நான் கைய எடுத்துட்டேன் சார். அது பாட்டுக்குப் போய்க்கினே இருந்துச்சு" என்றார் தேவகி.

"அந்த வெரல்ல உனக்கு உணர்ச்சி இல்லதானம்மா? எடுத்துட்டேன்னு நீ நெனச்சிருப்ப, அது பட்டன் மேலயே இருந்திருக்கும்" என்றேன்.

"உணர்ச்சி வெரல்லதான் சார் இல்ல. என் கை எங்க கீதுன்னு எனக்குத் தெரியாதா?"

விருந்தாளிகள் நின்றுகொண்டிருந்தார்கள். மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "கையா, பெட்டியா? ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்றார்.

"பெட்டி ஓகே சார்" என்றேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பழக்கம். எந்தக் கோளாறு நடந்தாலும் அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் லாக் புத்தகத்தில் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும். வெறுமையாக விட்டால் ஆடிட்டில் கேள்வி வரும். காரணம் தெரியாதபோது எழுதுவதற்கென்றே ஒரு வார்த்தை வைத்திருந்தோம்: 'ஆப்பரேட்டர் தவறு'. நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அன்றும் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். மத்தியானமே தேவகியைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவருடைய மாற்றல் பேப்பர் ஹெச்.ஆருக்குப் போகும் என்று மேனேஜர் சொன்னார்.

எனக்கு வருத்தம் இல்லையா என்றால், இருந்தது. ஆனால் எதற்கு வருத்தம்? நம்மால் முடிந்ததைச் செய்தோம், பாவம் அவர் கை ஒத்துழைக்கவில்லை என்று. என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வருத்தப்பட்டேன். இப்போது நினைத்தாலும் அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் காலை மீஞ்சூரில் வழக்கமான ரயிலைப் பிடித்தேன். கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினால், எதிரே தேவகி உட்கார்ந்திருக்கிறார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. நானாகவே, "நாஷ்டா ஆச்சாம்மா?" என்று கேட்டேன்.

"ஆச்சு சார்" என்று வெளியே பார்த்துக்கொண்டார்.

அப்போது அவருக்குப் போன் வந்தது. இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வலது கையின் அடிப்பகுதியால் போனின் பக்கவாட்டை அழுத்தி அணைத்தார். போன் கிளிக் என்று சத்தம் போட்டுத் திரையையே படம் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என்னவென்று பார்த்தார்.

"இதே பேஜாருதான்க்கா. ஒரு பட்டனு அமுக்கினா பக்கத்துப் பட்டனும் சேந்து அமுங்கிக்குது, போட்டோ புடிச்சுக்குது. இதுமாரி நூறு போட்டோ கீது" என்று தேவகி அவரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

நான் அந்தப் பெட்டியை டெஸ்ட் செய்தது என் விரலால். ஒரு நேரத்தில் ஒரு பட்டன். தேவகி விரலால் அழுத்துவதில்லை, கையின் அடியால் அழுத்துகிறார். அவர் கைக்காகச் செய்த பெட்டியை என் கையால் பரிசோதித்திருக்கிறேன்.

கேட்டில் கார்டைக் காட்டியதும் நேராக இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். டீ குடிக்கவில்லை. நான் டீ குடிக்காமல் வேலை தொடங்கினேன் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. உடைந்த கேமராவைக் கழற்றி எடுத்திருந்தார்கள், மெஷின் வெறும் தண்டோடு நின்றது. என் வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விறைப்பாக வைத்து இன்சுலேஷன் டேப்பால் சுற்றிக்கொண்டு, தேவகி மாதிரி உட்கார்ந்து ஓட்ட ஆரம்பித்தேன். அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கீழும் இடமும் சேர்ந்து அமுங்கியிருக்கும்போது, சுண்டுவிரல் பக்கம் இடித்துப் படம் எடுக்கும் பட்டனும் அமுங்கியது. கையை எடுத்தேன். தண்டு போய்க்கொண்டே இருந்தது. நம்ப முடியாமல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். அப்போதும் அது கடைசி வரை போய் முட்டுக்கட்டையில் இடித்துத்தான் நின்றது.

எலக்ட்ரீஷியன் நாகய்யா அந்தப் பக்கம் வந்தார். ஆரம்பாக்கத்துக்காரர், யாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். "இன்னா நைனா, கைய தூக்கிக்கினு நிக்கற? போலீசு வந்துக்கீதா?" என்றார்.

"வரணும் நாகய்யா. என்னயத்தான் புடிக்கணும்" என்றேன்.

நடந்தது இதுதான். பேட் என்பது மெஷினுக்கு இரண்டே செய்தி அனுப்பும்: அழுத்தியாச்சு, எடுத்தாச்சு. மூன்று பட்டன் ஒன்றாக அமுங்கினால் என்ன செய்வது என்று என் புரோகிராமில் எழுதவில்லை. 'அழுத்தியாச்சு' என்று சொன்ன கையோடு அது செத்துவிட்டது. 'எடுத்தாச்சு' என்று சொல்ல ஆள் இல்லை. ஆனால் போர்டு உயிரோடு இருந்தது, விளக்கும் மினுக்கிக்கொண்டிருந்தது. அதனால் பேட் இருக்கிறது, பட்டனும் அமுங்கியிருக்கிறது என்றே மெஷின் நம்பிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் தேவகியின் இடது கை வார்ப்புக்குள் இருந்திருந்தால்? அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மணி பத்தரை. மேனேஜரிடம் போக வேண்டும். ஆனால் போகத் தயங்கினேன். என் மானம் போகும் என்பதற்காக மட்டும் இல்லை. "பெட்டிதான் கோளாறு" என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்? அப்படியென்றால் பெட்டியைத் தூக்கிப் போடு என்பார். பெட்டி போனால் தேவகிக்கு நாற்காலி இல்லை. சொல்லாவிட்டாலும் இல்லை. யாருக்கும் தெரியாமல் புரோகிராமைச் சரிசெய்துவிட்டு, இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்க்கலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. அதுதான் புத்திசாலித்தனம் என்றும் தோன்றியது. ஆனால் போகப்போவது என் வேலை இல்லையே, தேவகியின் வேலை; அவரைத்தான் கேட்க வேண்டும். எனவே பேக்கிங்குக்குப் போனேன்.

தேவகி அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்னுதும்மா. நேத்து நீ சொன்னத நான் காதுல வாங்கல" என்றேன். அவர் கையிலிருந்த பெட்டியை மடித்து முடித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நேத்து ஊட்டுக்குப் போய் நானே கைய வச்சு வச்சுப் பாத்துக்கினு இருந்தேன் சார். ஒருவேள நாமதான் எடுக்கலையோன்னு. எங்க ஊட்டுக்காரரும் அதான் கேட்டாரு" என்றார்.

அவரையே அவர் நம்பாதபடி செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மேனேஜரிடம் சொன்னால் பெட்டியே போய்விடலாம், நாற்காலியும் போய்விடலாம் என்பதை மறைக்காமல் சொன்னேன். "இன்னா பண்ணட்டும்?" என்று கேட்டேன்.

"சொல்லுங்க சார். சேர் போனா போவட்டும். என் கை மேல பழி நிக்கக் கூடாது."

நான் திரும்பும்போது பின்னாலேயே கூப்பிட்டார். "சார், எங்க போட்ல இஞ்சின்ல ஒரு செவப்புக் கயிறு கீது. அத கையில மாட்டிக்கணும். ஆளு தண்ணில வுழுந்தா கயிறு புடுங்கிக்கும், இஞ்சின் தன்னால நின்னுடும். அதுமாரி ஒன்னு வைக்க முடியாதா?"

முப்பது வருஷ சர்வீஸ்காரனுக்குத் தோன்றாதது. ஓட்டுகிற கட்டளையையும் நிறுத்துகிற கட்டளையையும் நான் ஒரே போர்டு வழியாக அனுப்பியிருந்தேன். போர்டு செத்தால் நிறுத்துவதற்கும் ஆள் இல்லை. படகுக்காரர்கள் அப்படி வைக்கவில்லை.

மேனேஜர் அறைக்குப் போய், "நேத்து நான் சொன்னது தப்பு சார், கோளாறு என் பெட்டி" என்றேன். எதிர்பார்த்தபடியே பொரிந்தார். "ரிடையராகப் போற நேரத்துல உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை? அதைக் கழட்டுங்க முதல்ல."

"கழட்டிட்டேன் சார்" என்றேன். "மூணு நாள் குடுங்க. போர்டோட சம்பந்தமே இல்லாம, மோட்டாருக்குப் போற கரன்ட்டை ஒரு கால் பெடல் வழியா விடறேன். கால் எடுத்தா மோட்டார் நிக்கணும், போர்டு செத்தாலும் சரி, பொழைச்சாலும் சரி. நான் டெஸ்ட் பண்ண மாட்டேன். நீங்க வந்து எப்படி வேணும்னாலும் கெடுத்துப் பாருங்க. ஒரு தடவ நிக்கலன்னாலும் நானே தூக்கிப் போட்டுடறேன். அதுவரைக்கும் அந்தப் பேப்பர் உங்க மேசையிலயே இருக்கட்டும்."

அவர் மேசைமேல் இருந்த பேப்பரைப் பார்த்தார். "அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். நேற்று யாருமே கேட்காத கேள்வி. சேர் போனால் போகட்டும் என்று சொன்னதைச் சொன்னேன். பேப்பரை எடுத்து டிராயருக்குள் போட்டார்.

பெடல் வேலையை நாகய்யா செய்தார், புரோகிராமை நான் திருத்தினேன். அது செத்தால் போர்டே மெஷினிடமிருந்து விலகிக்கொள்ளும்படி மாற்றினேன். நாலாம் நாள் மேனேஜர் வந்தார். ஒயரைப் பிடுங்கினார். ஐந்து பட்டனையும் இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினார். போர்டின் மேல் தண்ணீர் ஊற்றலாமா என்றுகூடக் கேட்டார். அது மட்டும் வேண்டாம் சார் என்றேன். கால் எடுத்த ஒவ்வொரு முறையும் தண்டு நின்றது. பிறகு தேவகியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவரையே ஓட்டிக் கெடுக்கச் சொன்னார். தேவகி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயரைப் பிடுங்கினார். நின்றது. இன்னொரு முறை பிடுங்கினார். நான் ரிடையராகும் வரை, ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குவதற்கு முன்னால் அப்படிப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத்தான் முதல் வார்ப்பை எடுப்பார். ஒரு நாளும் நான் கோபித்துக்கொண்டதில்லை.

மாற்றல் பேப்பர் கிழிக்கப்பட்டது. ஆனால் லாக் புத்தகத்தில் என் வரி அப்படியே இருந்தது. அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, ஆடிட் விதி. அதனால் அன்றைய தேதியில் புது வரி எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், 'நான் எழுதிய புரோகிராம். மூன்று பட்டன் ஒன்றாக அமுங்குவதைச் சோதிக்கவில்லை. ஒயரைப் பிடுங்கி ஆதாரத்தையும் அழித்தேன். முன்பு எழுதிய காரணம் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்படி மாற்றி எழுதினால் ஆப்பரேட்டரும் கையெழுத்துப் போட வேண்டும். புத்தகத்தைத் தேவகியிடம் நீட்டினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். பேனாவை வாங்கவில்லை.

"எல்லாம் சரி சார். நான் சொன்னது எங்க?" என்றார்.

புத்தகத்தைத் திரும்ப வாங்கி, காரணத்துக்கு மேலே மார்ஜினில் இருந்த கொஞ்சம் இடத்தில், பொடி எழுத்தில் எழுதினேன்: 'ஆப்பரேட்டர் அன்றே சொன்னது: நான் கைய எடுத்துட்டேன் சார்.'

அதைப் படித்த பிறகுதான் பேனாவை வாங்கினார். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் செருகிக்கொண்டு, கோணலாக, பேர் முழுசையும் எழுதினார்.